கத்தியின் உதடு

ஹால்வர் ஓங்கிக் குத்தினான். விறகுக்கட்டையில் கத்தி இரண்டு விரற்கடை இறங்கி நின்றுவிட்டது. கைதான் நிற்கவில்லை.

கம்பளிக் கையுறையை வாளித் தண்ணீரில் முக்கி மாட்டியிருந்தான். ஈரத்தோடு கை பிடியை விட்டு வழுக்கி, அலகின் மேலேயே ஓடி, கட்டையில் இடித்த பிறகுதான் நின்றது. நாலு விரலுக்கும் குறுக்கே கையுறை பிளந்துகொண்டது. உள்ளே தோல் கையுறை ஒன்று போட்டிருந்ததால் விரல்கள் மிஞ்சின.

"பாத்தியா?" என்றான்.

வாசற்படியில் தம்பி மனைவி பெரித் நின்றிருந்தாள். இடுப்பில் கூடை. கூடையில் நறுக்கிய பச்சை ஊசியிலைக் கொத்துகள். வீட்டில் சவ அடக்கம் என்றால் கேட்டிலிருந்து வாசல்வரை அதைத் தூவி வைப்பார்கள். அதற்காகத்தான் ஹால்வர் காலை எட்டு மணிக்கே வந்திருந்தான். வரும் வழியில் போலீஸ் நிலையத்தில் ஒரு காகிதப் பையையும் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டான். உள்ளே மூன்றே பொருள்கள். இறந்துபோன அவன் தம்பி சிக்ஸ்டனின் தெர்மாஸ், பனி ஸ்கூட்டர் சாவி, கத்தி.

"இப்ப இதப் பாரு."

தன் இடுப்பிலிருந்து தன் கத்தியை உருவினான். அதே கத்திதான். அதே கறுப்பு பிளாஸ்டிக் பிடி, அதே விரல்நீள அலகு. அந்த மாவட்டத்தில் வண்டிக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, சமையலறை இழுப்பறைக்கு ஒன்று என்று கிடக்கும் மலிவுக் கத்தி. ஒரே ஒரு வித்தியாசம். அலகு தொடங்கும் இடத்தில், பிடியின் அடிப்பக்கம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு புடைப்பு. விரல் முன்னால் வழுக்கிப் போகாமல் தடுக்க. ஆட்கள் அதை உதடு என்பார்கள்.

ஹால்வர் மறுபடி ஓங்கிக் குத்தினான். கை வழுக்கியது. உதட்டில் முட்டியது. நின்றது.

"அவ்வளவுதான் சமாச்சாரம்" என்றான். குரல் தணிந்திருந்தது. "இந்தத் துண்டு பிளாஸ்டிக். டாக்டர் என்ன சொன்னான்? நாலு விரலும் உள்பக்கமா அறுந்திருக்கு, நரம்பு வரைக்கும்னான். பனியில குத்தின மொத குத்துலயே கை போயிடுச்சு. அப்புறம் ஏரித் தண்ணிலேர்ந்து எதப் புடிச்சு மேல வருவான்?"

பெரித் கூடையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

ஹால்வர் தம்பியின் கத்தியைக் கட்டையிலிருந்து அசைத்துப் பிடுங்கி, பிடியின் அடியில் கட்டைவிரலால் தடவினான். உதடு இருந்த இடம் மழமழவென்று இருந்தது.

"சீவியிருக்கான். சீவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சும் வெச்சிருக்கான். முட்டாப் பய. எதையும் இருக்கற மாதிரி விட்டு வைக்க மாட்டான்னு எனக்கு அவன் ஏழு வயசுலயே தெரியும்."

சீவியது சிக்ஸ்டன் இல்லை. பெரித்.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சமையலறை மேசையில், காப்பி ஆறுவதற்குள்.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னால் கதவு திறந்தது.

தூவா. மகள். இருபத்தாறு வயது, கடற்கரை நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். கறுப்பு உடையின் மேல் அப்பாவின் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"குடுங்க பெரியப்பா."

ஹால்வர் கத்தியைத் திருப்பி, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினான். தூவா வாங்கினாள். சீவிய இடத்தைப் பார்த்தாள். தேவைக்கு மேல் நேரம் பார்த்தாள்.

"அப்ப அவரே செஞ்சிக்கிட்டதா?"

ஹால்வர் பிளந்த கையுறையைக் கழற்றினான்.

"நான் ஆறு வயசுல ஏரியில கால் வெச்சதுலேர்ந்து, 'கழுத்துல பனியாணி போட்டியா, பனி உடைஞ்சா அதத்தான் குத்திப் புடிச்சு மேல ஏறணும், போட்டியா'ன்னு என் உயிர எடுத்தாரு. போன கிறிஸ்துமஸுக்குக்கூடப் புது ஜோடி வாங்கிக் குடுத்தாரு. தன்னோடத எங்க வெச்சாரு? மீன்பிடிக் குடிலுக்குள்ள ஆணியில மாட்டி வெச்சாரு. கையில என்ன வெச்சிருந்தாரு? அவரே கெடுத்து வெச்ச கத்தி."

"தூவா" என்றாள் பெரித்.

"இல்லம்மா. ராத்திரியெல்லாம் யோசிச்சேன், பெட்டிமேல பூ வெக்கும்போது என்ன சொல்றதுன்னு. ரெண்டு வரி கெடச்சுது. இப்ப அதுவும் சொல்லத் தோணல."

கத்தியை ஹால்வரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

மணி எட்டே முக்கால். மாதா கோவிலில் மணி அடிப்பது பதினொன்றுக்கு. இரண்டே கால் மணி நேரம் இருந்தது பெரித்துக்கு.

*

ஊராட்சியின் சாலைப் பணிமனையில் பெரித்தான் கிடங்குப் பொறுப்பு. இருபத்தோரு வருஷம். திருகாணியிலிருந்து பனி தள்ளும் வண்டியின் சங்கிலிவரை அவள் கை படாமல் வெளியே போகாது. பெரித் நல்லது என்று சொன்ன ரம்பத்தை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மேஸ்திரி யெர்க்கர் ஜனவரியில் வந்து கேட்டான்: "ஆளுக்கொரு கத்தி வாங்கணும். வெல கம்மியா இருக்கணும், தொலைச்சா அழக்கூடாது. எது வாங்கட்டும்?"

மூன்று விதக் கத்திகளை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். ஒவ்வொன்றும் மதியச் சாப்பாட்டு விலைகூட இல்லை. மாதத்துக்கு ஒன்று என்று வீட்டில் எல்லா வேலைக்கும் அதையே புழங்கினாள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவ, கயிறு அறுக்க, கேபிள் தோல் உரிக்க, மீன் வயிறு கீற, பெயிண்ட் டப்பா திறக்க. ஒரு சின்ன நோட்டில் எழுதினாள். சாதாரண எஃகு, சீக்கிரம் கூர் ஏறுகிறது, ஆனால் மீன் அறுத்துவிட்டுக் கழுவ மறந்தால் கறுக்கிறது. துருப்பிடிக்காதது கறுக்கவில்லை, தீட்டத்தான் பாடு. அலகு பிடிக்குள் பாதிதான் போகிறது. இருந்தும் அலகின் முதுகில் கட்டையால் அடித்துச் சுள்ளி பிளந்ததில் ஆட்டம் இல்லை. உறை டக்கென்று பூட்டுகிறது, அடியில் ஓட்டை, தண்ணீர் தங்காது.

சிக்ஸ்டன் எதிரில் உட்கார்ந்து, அதே கத்தியால் சீஸ் சீவித் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தான்.

"என்னக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இவ்ளோ சோதன பண்ணியா?"

"பண்ணியிருந்தா நீ தேறியிருக்க மாட்ட."

"நானும் மலிவுதான. தொலைச்சா அழ வேண்டாம்."

மூன்றாவது கத்தி தேறியது. பணிமனைக்கு அதையே வாங்கச் சொன்னாள். ஒரு குறைதான். அந்த உதடு. பலகையில் வெங்காயம் நறுக்கினால் அடிப்பக்கம் இடிக்கிறது. மரம் செதுக்கும்போது ஆள்காட்டி விரலை முன்னால் நகர்த்த விடுவதில்லை. ஒருநாள் பெரித்துக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு கத்தியை எடுத்து உதட்டைச் சீவ ஆரம்பித்தாள். பிளாஸ்டிக் சுருள் சுருளாக வந்தது.

சிக்ஸ்டன் சீஸைக் கீழே வைத்தான்.

"அத எதுக்கோதான் வெச்சிருப்பான் பெரித். விட்டுடேன்."

"எதுக்கோ இல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கைய வெட்டிக்கக் கூடாதுன்னு. நீ பள்ளிக்கூடமா போற?"

"எனக்கு அப்படியே இருந்தாப் போதும்."

"புடிச்சுப் பாரு. அப்புறம் பேசு."

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். அவன் பிடித்துப் பார்த்தான். ஒரு சுள்ளியைச் செதுக்கிப் பார்த்தான். சிரித்தான். "ம், நல்லாத்தான் இருக்கு" என்று இடுப்பில் மாட்டிக்கொண்டான்.

அதன்பிறகு ஐந்து வாரம். ஏப்ரல் கடைசிக்குள் மீன்பிடிக் குடில்களை உறைந்த ஏரியின் மேலிருந்து கரையேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பனி உடைந்து குடிலோடு போகும். எல்லோரும் ஏற்றிவிட்டார்கள். சிக்ஸ்டன் கடைசி. இருபத்து நாலாம் தேதி, நல்ல வெயில், கிளம்பினான். குடிலைக் கட்டி இழுத்து வர இருபது நிமிஷம். பனியாணிகள் குடிலுக்குள் தொங்குகின்றன, அங்கே போய் மாட்டிக்கொள்ளலாம். குடிலுக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது பனி உடைந்து ஸ்கூட்டர் தண்ணீருக்குள் போனது.

ஒரு மணிக்கு பெரித் போன் செய்தாள். உருளைக்கிழங்கு வெந்துவிட்டது என்று சொல்ல.

*

காரை தூவா ஓட்டினாள். பெரித் பக்கத்தில். ஹால்வர் தன் வண்டியில் முன்னால் போனான். மே மாதம் பாதி முடிந்தும் பள்ளங்களில் அழுக்குப் பனி கிடந்தது. ஏரி பனி உருகித் திறந்துவிட்டது. அவ்வளவு பெரிய நீல நிறத்தைப் பார்க்கக் கூடாதென்று இருவருமே சாலையைப் பார்த்தார்கள்.

மணி பத்து இருபது.

"தூவா. கத்தி விஷயம்..."

"வேணாம்மா."

"ஒண்ணு சொல்லணும்."

"நீ அவருக்கு வக்காலத்து வாங்குவ. தெரியும். நேத்தும் வாங்கின, குடில சீக்கிரம் எடுக்காததுக்கு. அவருக்கு முதுகு வலிச்சுதுன்ன. போதும்மா. இன்னிக்கு ஒருநாள் எனக்குக் கோபப்பட விடு. கோபம் போச்சுன்னா நான் அங்க நிக்க மாட்டேன், கீழ விழுந்துடுவேன்."

இதற்குமேல் எப்படிச் சொல்வது? கோபத்தைப் பிடுங்கினால் பிள்ளை விழுந்துவிடும் என்கிறாள். விழட்டும், பிடித்துக்கொள்ளலாம். ஆனால் எந்தக் கையால்? பெரித் தன் வலது கையைப் பார்த்தாள். மடியில் சும்மா கிடந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் உடம்பில் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியைத்தான் பின்னாளில் அவளால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

மாதா கோவில் நிறைந்திருந்தது. பணிமனை ஆட்கள் கடைசி மூன்று வரிசையில், கழுத்தை இறுக்கும் காலர்களோடு, யாரோ திட்டப் போகிறார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். பாதிரியார் அம்மாள் பேசினாள். ஆர்கன் வாசித்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து போய்ப் பெட்டியின் மேல் ஒரு பூ வைத்துத் தலை குனியும் நேரம்.

பெரித் முதலில் போனாள். வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அடுத்தது தூவா.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். கல்லறைக்குப் போனாலும், செத்துப்போன நாயைப் புதைத்தாலும், நின்று நிதானமாகப் பேசுவாள். சிக்ஸ்டன் கேலி செய்வான். இன்று பெட்டியருகில் போனாள். பூவை வைத்தாள். வைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, விட்டாள். பூ சரிந்து பெட்டியின் விளிம்பில் நின்றது. அதைச் சரிசெய்யக்கூட இல்லாமல் திரும்பி நடந்தாள்.

பெரித் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இப்போது எழுந்தால்கூட முடியும். இன்னும் புதைக்கவில்லை. பெட்டி இன்னும் தரைக்கு மேலேதான் இருக்கிறது.

ஹால்வர் பூ வைத்தான். அவனுக்கு அடுத்த ஆள் வைத்தான். அதற்கடுத்த ஆள்.

பன்னிரண்டே காலுக்குப் பெட்டி குழிக்குள் இறங்கியது.

*

கோவிலை ஒட்டிய கூடத்தில் காப்பி. இறாலும் வெள்ளரியும் அடுக்கிய பெரிய ரொட்டிக் கேக்குகள் நாலு. முதல் கால் மணி நேரம் கரண்டிச் சத்தம் மட்டும். இரண்டாவது கோப்பைக்குத்தான் சனங்களுக்கு வாய் திறக்கும்.

திறந்தது.

"தானே சீவிட்டானாமே?"

"ஹால்வர் குத்திக் காட்டினானாம். கை நேரா போயிடுதாம்."

"சிக்ஸ்டன்தான? அவன் புது ஸ்கூட்டர் வாங்கி மூணாம் நாளே சீட்டக் கழட்டி வேற போட்டவன்."

"நல்ல மனுஷன். ஆனா கை சும்மா இருக்காது."

பெரித்தின் காதுக்கு எல்லாம் வந்தது. பக்கத்தில் தூவாவின் காதுக்கும். தூவா கேக்கிலிருந்து இறால்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

யெர்க்கர் எழுந்து கோப்பையில் கரண்டியால் தட்டினான். காப்பி நேரத்தில் இறந்தவரைப் பற்றி யாராவது நாலு வார்த்தை பேசுவது உண்டு. யெர்க்கருக்கு மேடைப் பேச்சு வராது. முகம் அதற்குள் சிவந்துவிட்டது.

"எனக்குப் பேச வராது. சிக்ஸ்டனுக்கும் அது தெரியும். அதனாலதான் என் பொறந்தநாளுக்கு வந்தா, 'யெர்க்கர் பேசறதுக்குள்ள கேக்க வெட்டுங்கடா'ம்பான்."

சிரிப்பு. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"எங்க பணிமனையில அவன் வேல பாக்கல. ஆனா பெரித்தக் கூட்டிட்டுப் போக வருவான், வந்தா அர மணி நேரம் நிப்பான். கடைசியா வந்தப்ப இடுப்பிலேர்ந்து அந்தக் கத்திய எடுத்துக் காட்டினான். புடிச்சுப் பாருடான்னான். நாங்க எல்லாரும் புடிச்சுப் பாத்தோம். என்னமா இருந்துச்சு தெரியுமா! கையிலயே முளைச்ச மாதிரி. யாருடா செஞ்சதுன்னு கேட்டேன். சிரிச்சான். சொல்லல. அவ்வளவு பெருமை அந்த மூஞ்சியில."

யெர்க்கர் தொண்டையைச் செருமினான்.

"இப்ப ஆளாளுக்கு அவன் செஞ்சது முட்டாத்தனம்னு பேசறீங்க. அப்படின்னா நாங்க அஞ்சு பேரும் முட்டாளுங்கதான். அடுத்த நாளே எங்க கத்தியிலயும் உதட்டச் சீவிட்டோம். இன்னிக்கும் அதத்தான் இடுப்புல கட்டறோம். அவன் ஞாபகமா அப்படியே வெச்சுக்கப் போறோம். அவ்வளவுதான் சொல்லணும்னு வந்தேன்."

உட்கார்ந்தான். இரண்டு மூன்று பேர் மேசையைத் தட்டினார்கள்.

ஐந்து கத்திகள். படகுத்துறை போடுகிறவர்கள், பாலத்துக்கடியில் வேலை பார்க்கிறவர்கள். ஐந்து பேர் ஈரக் கையுறைகளோடு.

நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான், எழுந்தது தான் என்பது பெரித்துக்குத் தெரிந்தது.

"அந்தக் கத்திகள என்கிட்டக் குடுத்துடுங்க" என்றாள். "இன்னிக்கே. ஒருத்தரும் அதக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போகக் கூடாது."

"பெரித், உக்காரு" என்றான் யெர்க்கர் மெதுவாக. "மனசக் கஷ்டப்படுத்தணும்னு சொல்லல..."

"சிக்ஸ்டன் சீவல. நான் சீவினேன்."

கூடத்தில் யாரோ கோப்பையைத் தட்டில் வைத்தார்கள்.

எதிர் மேசையிலிருந்து ஹால்வர் எழுந்தான். சாவுக்கு நெருங்கிய உறவினர் கட்டும் வெள்ளை டை ஒருபக்கம் கோணியிருந்தது.

"நீயா?"

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு 'ஆமாம்' என்பதற்கு வார்த்தை வேண்டாம். உதட்டைக் குவித்துச் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள், அவ்வளவுதான். பெரித் இழுத்தாள்.

"காலைல நான் குத்திக் காட்டறப்ப அங்கதான நின்ன?"

மறுபடி இழுத்தாள்.

ஹால்வர் தன் பெரிய கைகளை மேசைமேல் ஊன்றினான். அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது மட்டும் வராமல் இருந்தால் போதும். மற்றதையெல்லாம் மனிதர்கள் மன்னித்துவிடுவார்கள். நல்லதுக்குத்தானே செய்தாள், அவளுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அந்த ஒரு கேள்வி மட்டும் வராவிட்டால்.

கேட்டது ஹால்வர் இல்லை.

"அப்பா வேணாம்னு சொன்னாரா?"

தூவா இறால் வரிசையை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. சாதாரணக் குரல். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம், எப்போதிலிருந்து வலி என்று கேட்கும் குரல்.

இல்லை என்று சொல்லலாம். சமையலறையில் அன்று இருந்தது இரண்டு பேர். ஒருவர் மண்ணுக்குள் இருக்கிறார். இருபத்தோரு வருஷம் கிடங்கில், நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் எழுதிய கை அவளுடையது.

"சொன்னாரு" என்றாள் பெரித். இந்த முறை வார்த்தையாகவே. "எதுக்கோதான் வெச்சிருப்பான், விட்டுடுன்னாரு. எனக்கு அப்படியே இருந்தாப் போதும்னாரு. நான்தான் கேக்கல. கையில திணிச்சேன்."

தூவா முள்கரண்டியைத் தட்டில் நேராக வைத்தாள். கைத்துணியை நாலாக மடித்தாள். எழுந்து, யார் மேலும் இடிக்காமல், நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே போனாள். கூடத்தின் சன்னல் வழியாக எல்லோருக்கும் தெரிந்தது. கார் நின்ற பக்கம் போகவில்லை. மைதானத்தைக் குறுக்கே தாண்டி, புது மண் குவிந்திருந்த இடத்துக்குப் போனாள். குழி பாதி மூடியிருந்தது. மண்வெட்டியோடு நின்ற ஆள் அவளைப் பார்த்ததும் ஒதுங்கிப் போனான்.

அவள் அங்கே நின்றாள். உதடுகள் அசைந்தனவா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

"இன்னும் காப்பி இருக்கு" என்றாள் பரிமாறுகிற பெண், யாரிடமென்றில்லாமல்.

*

வாகன நிறுத்தத்தில் யெர்க்கரின் ஆட்கள் கறுப்புக் கோட்டுகளோடு தங்கள் வண்டிக் கதவுகளைத் திறந்தார்கள். கதவுப் பையிலிருந்து, இருக்கைக்கு அடியிலிருந்து, முன்னால் இருக்கும் பெட்டியிலிருந்து. ஒவ்வொருவராக வந்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார்கள். ஒருவன் மட்டும், "நல்லாத்தான் வெட்டுச்சு பெரித்" என்று முணுமுணுத்தான், அவளைத் தேற்றுகிற மாதிரி.

கேக் வந்த அட்டைப் பெட்டி காலியாக இருந்தது. அதற்குள் போட்டாள். நாலு.

"அஞ்சாவது?"

"ரோலோவோடது" என்றான் யெர்க்கர். "இன்னிக்கு அவனுக்கு ட்யூட்டி. துறையில மிதவை கட்டறான்."

"போன் பண்ணு."

பண்ணினான். நெடுநேரம் மணி அடித்தது. எல்லோரும் காலடிச் சரளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரித் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். எட்டாவது மணியில் மறுமுனையில் காற்றும் தண்ணீரும் சத்தம் போட்டன, ஒருவன் ஏதோ கத்தினான்.

"ரோலோ, உன் கத்திய உறையில போடு... ஏன்னு கேக்காத. போடு. கரைக்கு வா. வேற வாங்கித் தர்றேன்... ஆமாடா, இப்பவே."

போனை வைத்துவிட்டு யெர்க்கர் தலையை ஆட்டினான். பெரித் குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். கிடங்குக்காரியின் கட்டைவிரல் தானாகவே ஒவ்வொரு பிடியின் அடியிலும் போய்த் தடவியது. ஒன்றில் சொரசொரப்பு. ஒன்றில் அவசரம். மூன்றாவதை யாரோ ஒருவன் மெழுகு தடவி, விளிம்பு தெரியாமல் அவ்வளவு பொறுமையாகத் தேய்த்திருந்தான். அவள் செய்ததைவிட நேர்த்தி.

ஹால்வர் அவளைத் தாண்டித் தன் வண்டிக்குப் போனான். நிற்கவில்லை. வண்டியை எடுக்கும்போது கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினான், அல்லது கண்ணாடியைச் சரிசெய்தான்.

தூவா கல்லறைப் பக்கமிருந்து வந்தாள். காலணியெல்லாம் மண். கண்கள் வீங்கியிருந்தன, முகம் துடைத்துவிட்ட பலகைபோல இருந்தது. அம்மாவின் முன்னால் நின்று பெட்டிக்குள் பார்த்தாள். எண்ணுவதுபோல் உதடு அசைந்தது. பிறகு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பெரித் பெட்டியைக் கொடுத்தாள்.

தூவா காரின் முன்பக்கக் கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் பெட்டியை வைத்தாள். கத்திகள் உள்ளே ஒருமுறை புரண்டு அடங்கின. பெல்ட்டை இழுத்துப் பெட்டியைச் சுற்றிக் கொண்டுவந்து, டக்கென்று பூட்டினாள். நகராமல் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். சுற்றிக்கொண்டு போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, என்ஜினைக் கிளப்பி, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்து, நேராகப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

பெரித் பின்கதவைத் திறந்தாள்.